பெட்டியில் எதை வைப்பது?

பன்னிரண்டு, பதின்மூன்று வருஷங்களுக்கு முன் என் பழைய மடிக்கணினி ஒரு நாள் கண்ணைத் திறக்க மறுத்துவிட்டது. எதிர்வீட்டுப் பையன், அப்போது என்ஜினீயரிங் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தவன், "தூக்கிப் போட்டுடாதீங்க மாமா, லினக்ஸ் போட்டுத் தர்றேன், புதுசு மாதிரி ஓடும்" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போலகத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். கடிதம் எழுத ஒன்று, கணக்குப் போட ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, சதுரங்கம், நாலைந்து விதமான சீட்டாட்டம். "எல்லாமே இருக்கு மாமா. எதுக்கும் காசு கொடுக்க வேண்டாம்."

"தமிழ்ல எழுதணுமேடா?" என்றேன்.

"அது மட்டும் நெட்லேர்ந்து எறக்கிக்கணும்."

அந்த நாளில் எங்கள் ஊரில் நெட் என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு குச்சி. அதைக் கணினியில் செருகி, கணினியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால், வானம் தெளிவாக இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக வரும். பாதியில் இரண்டு தடவை நின்றுபோயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் நான் தமிழில் ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதிக்கொண்டிருந்த நாவல் மூன்று வாரம் நின்றதால் உலகத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் 'அது மட்டும்' என்ற சொல் மனசில் தங்கிவிட்டது. எல்லாம் இருக்கிற பெட்டியில் அது மட்டும் இல்லை என்றால், அப்படி யாரோ எங்கேயோ உட்கார்ந்து தீர்மானித்திருக்க வேண்டும். எதை வைத்துத் தீர்மானித்தார்கள்?

விமர்சனம் எழுதவேண்டிய இடத்தில் இது என்ன கணினிக் கதை என்று வாசகர் முகம் சுளிக்க வேண்டாம். தேர்ந்தெடுப்பதுதான் விமர்சனத்தின் முதல் வேலை. அலசலும் விளக்கமும் அதற்குப் பின்னால் வருபவை. கட்டற்ற மென்பொருள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிடக்கிற மென்பொருள்களுக்குக் கணக்கில்லை. டெபியன் என்ற ஒரு களஞ்சியத்தில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. இயங்குதளம் ஒன்றைக் கட்டி வெளியிடுகிறவர் இந்தக் குவியலிலிருந்து முப்பது நாற்பதைப் பொறுக்கி, திறந்தவுடன் கண்ணில் படும்படி வைக்கிறார். நம்முடைய பழைய தொகைநூல்களைத் தொகுத்தவர்கள் செய்த காரியம் இதுதான். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்கிறார்கள். அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது; ஆனால் அவர் எதை எடுத்தாரோ அதுதான் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் ஒதுக்கிய பாட்டுகளில் எத்தனை நல்ல பாட்டுகள் கரையானுக்குப் போயினவோ!

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அந்தத் தொகுப்பாளர்கள் அளவு என்ற ஒரு தடையைத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய நாலடியிலிருந்து எட்டடி வரை என்றால் குறுந்தொகை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்றால் நற்றிணை, பதின்மூன்றிலிருந்து முப்பத்தொன்று என்றால் அகநானூறு. உபுண்டு என்ற லினக்ஸ் 2004 அக்டோபரில் முதன்முதலாக வந்தபோது அதற்கும் இப்படி ஓர் அடி வரையறை இருந்தது: எல்லாம் ஒரே குறுந்தட்டில், 700 எம்பிக்குள், அடங்க வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு செயலி என்பது அவர்களுடைய விதி. கேட்டவர்களுக்கெல்லாம், எந்த நாடாக இருந்தாலும், தட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். 2011இல்தான் அதை நிறுத்தினார்கள். காரைக்கால் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடம் அந்த அட்டை உறைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இடம் குறைவாக இருந்தபடியால் ஒவ்வொன்றுக்கும் சண்டை நடந்தது. சண்டை நடந்த இடத்தில்தான் ரசனை தெரியும். 2009 நவம்பரில் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் கூடி, கிம்ப் என்ற படம் திருத்தும் செயலியை அடுத்த ஏப்ரல் பதிப்பிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அது தொழில் தெரிந்தவர்களுக்கான கருவி, சாதாரண மனிதன் திறந்தால் மிரண்டு போவான், தட்டில் இடத்தையும் அடைக்கிறது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். மூன்றும் வாஸ்தவம். ஆனால் அதே ஏப்ரல் பதிப்பில் பிடிவி என்ற சினிமா வெட்டி ஒட்டும் செயலியை வைத்தார்கள். ஒன்றரை வருஷத்தில், 2011 அக்டோபரில், அதையும் எடுத்துவிட்டார்கள். பாட்டுக் கேட்க ரிதம்பாக்ஸ் இருந்தது. 2011 ஏப்ரலில் அதை எடுத்து பான்ஷியை வைத்தார்கள். 2012 ஏப்ரலில் பான்ஷி போய் ரிதம்பாக்ஸ் திரும்பி வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாப்பிள்ளையை மாற்றுகிற வீடு மாதிரி இருக்கிறது என்று அப்போது ஒரு நண்பர் சொன்னார்.

கிம்ப் விஷயத்தில் என் அபிப்பிராயம் இது. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. யாரை மனசில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள் என்பதில்தான் பிசகு. 'வேண்டுமென்கிறவன் ஒரு சொடுக்கில் இறக்கிக்கொள்ளட்டும்' என்றார்கள். டல்லாஸில் அது ஒரு சொடுக்குத்தான். 2010இல் போலகத்தில் அது ஒரு மொட்டை மாடியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும். அதற்கும் துணியாதவனுக்கு 'இல்லை' என்றே அர்த்தம். ஒரு செயலியைப் பெட்டியிலிருந்து எடுப்பதன் விலை எடுக்கிறவர் இருக்கும் ஊரில் ஒன்றாகவும், பெட்டியைத் திறக்கிறவர் இருக்கும் ஊரில் வேறாகவும் இருக்கிறது. இதை அந்தக் கூட்டத்தில் யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால், கிம்ப்பை எடுத்தே இருந்தாலும், நான் குறை சொல்லமாட்டேன்.

இப்படிக் கூடவே வருகிறவற்றுக்கு ஆங்கிலத்தில் 'டிஃபால்ட்' என்று பெயர். எங்கள் ஊரில் இந்தச் சொல் கணினிக்கு முன்பே தெரியும். கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கட்டாதவன் டிஃபால்ட்டர். கடன் கட்டாததற்கும் கணினியில் முதலில் திறக்கிற செயலிக்கும் என்ன உறவு என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. காரைக்காலில் பிரெஞ்சு படித்த பெரியவர் ஒருவர்தான் விளக்கினார். 'தெஃபோ' என்றால் குறை, இல்லாமை. 'பார் தெஃபோ' என்றால் ஒருவன் வராததால், வாய் திறக்காததால், தானாக ஆகிப்போவது. கோர்ட்டில் பிரதிவாதி வராவிட்டால் தீர்ப்பு அவனுக்கு எதிராக ஆகிவிடுகிறதல்லவா, அது. நீ ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே உனக்காக நான் சொல்லிவிட்டேன் என்பதுதான் இதன் உட்பொருள். தமிழில் 'இயல்பிருப்பு' என்று சொல்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் யாரோ செய்த காரியத்தை இயற்கையின் காரியம்போல் ஆக்கிவிடுகிறது.

அப்படியானால் ஜனங்களையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டும் பார்த்தார்கள். 2017 ஜூலையில் உபுண்டுவை நடத்துகிற கனானிகல் நிறுவனத்தார், மறு வருஷம் வரவிருந்த 18.04 பதிப்பில் என்னென்ன செயலிகளை வைக்கலாம் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். வீடியோ பார்ப்பதற்கு விஎல்சி வேண்டும் என்றவர்கள் ஏராளம். 2018 ஏப்ரலில் பதிப்பு வந்தபோது பழைய டோட்டம்தான் இருந்தது. வாக்களித்தவர்களுக்குக் கோபம் வந்தது இயற்கை. எனக்கென்னவோ அந்த வாக்கெடுப்பில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. அந்தக் கேள்வியைப் படித்து, ஆங்கிலத்தில் பட்டியல் எழுதி அனுப்பத் தெரிந்தவனுக்கு விஎல்சியைத் தானே போட்டுக்கொள்ளவும் தெரியும். பெட்டியில் எது இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். பெட்டியில் இருப்பதே கதி என்று இருப்பவர் வாக்களிக்க வரவே இல்லை.

டெபியன்காரர்கள் இதைவிட அடக்கமாக ஒன்று செய்கிறார்கள். உன் கணினியில் எந்தெந்தப் பொதி இருக்கிறது, எதை உபயோகிக்கிறாய் என்று கணக்கெடுத்து அனுப்பச் சம்மதமா என்று நிறுவும்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே குறித்திருக்கும் பதில் 'இல்லை' என்பது. மரியாதையான ஏற்பாடு. ஆனால் பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறவன் இந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

இன்னொரு கட்சி இருக்கிறது. பெட்டியில் ஒன்றுமே வைக்காதே, வேண்டியதை அவனவன் எடுத்துக்கொள்ளட்டும் என்பது. சுதந்திரவாதம் மாதிரி கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த உபுண்டு 23.10 முதல், ஒன்றும் கேட்காமல் நிறுவினால் உலாவியும் சில்லறைக் கருவிகளும்தான் வரும். எழுத்துச் செயலி, கணக்குச் செயலி எல்லாம் வேண்டுமானால் விரிவான தேர்வு என்று குறித்துக் கேட்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், தட்டு 700 எம்பியாக இருந்த காலத்தில் எல்லாம் கேளாமலே வந்தன. இன்று அந்தப் பெட்டி 5 ஜிபிக்கு மேல்.

காலிப் பெட்டிக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. வைப்பதோடு வேலை முடிவதில்லை. நீண்டநாள் ஆதரவுள்ள பதிப்பு என்றால், பெட்டியில் வைத்த ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷம் ஓட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பத்தாயிரம் பேர் பயன்படுத்தாத ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் திருடன் அதன் வழியாகத்தான் வருவான். வீட்டுக்கு வாசல் குறைவாக இருப்பது நல்லது என்பது எங்கள் பாட்டிக்கும் தெரியும். அதனால் குறைவாக வைக்கிறவனை நான் சோம்பேறி என்று சொல்லத் தயாரில்லை.

ஆனாலும் காலிப் பெட்டி தேர்வைத் தருகிறது என்று மட்டும் சொல்லக்கூடாது. அதற்கு ஒரு பழைய வழக்கு சாட்சி. மைக்ரோசாப்ட் தன்னுடைய பாட்டுப்பெட்டியை விண்டோஸோடு கட்டி விற்பது தப்பு என்று ஐரோப்பிய ஆணையம் 2004இல் தீர்ப்புச் சொல்லி, அது இல்லாத விண்டோஸ் ஒன்றையும் விற்கச் சொல்லிற்று. விற்றார்கள், அதே விலைக்கு. வாங்குவதற்கு ஆள் இல்லை. ஒன்றைக் குறைத்துக்கொண்டு அதே காசு கொடுக்க யார் வருவார்கள்? பிறகு உலாவி விஷயத்தில் ஆணையம் கொஞ்சம் புத்திசாலியாயிற்று. 2010இல் ஐரோப்பாவில் விண்டோஸைத் திறந்தவர்கள் முன்னால் பன்னிரண்டு உலாவிகளை வரிசையாக நிறுத்தி, எது வேண்டும் என்று கேட்கும்படி செய்தது. அதை ஒரு பதிப்பில் காட்டாமல் விட்டதற்காக 2013இல் 56 கோடி யூரோ அபராதம் போட்டது. ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு இவ்வளவு பெரிய தண்டனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

'இப்போதுதான் நெட் மலிந்துவிட்டதே. குச்சியும் இல்லை, மொட்டை மாடியும் இல்லை. இனி எது பெட்டியில் இருந்தால் என்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன். கைபேசிகளிலும் உலாவிகளிலும் தேடுகிற பெட்டிக்குப் பின்னால் தானே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக கூகுள் 2021 என்ற ஒரே வருஷத்தில் மற்றக் கம்பெனிகளுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அந்த வழக்கில் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். மாற்றுவதற்கு நாலு தட்டல் போதும். யாரும் மாற்றமாட்டார்கள் என்று தெரிந்தவன்தான் அவ்வளவு பணம் கொடுத்தான்.

நம்மவர்கள் பெட்டி கட்டிய கதைக்கு வருகிறேன். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவினர் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸ் என்ற ஒன்றைக் கட்டி 2007இல் வெளியிட்டார்கள். இந்திய மொழிகளில் எழுதும் வசதி பெட்டியிலேயே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸும் பாஸும் இரண்டும் இருந்தன. எங்கள் போலகம் புதுச்சேரி ஆட்சியில் இருக்கிறது. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், தமிழ்நாடு. ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் படித்த உறவுக்காரப் பிள்ளைகள் வீட்டில்தான் நான் அந்தக் கணினிகளைப் பார்த்தேன். ஒரு பெண்ணிடம், "அந்த இன்னொண்ணைத் திறந்து பார்த்திருக்கியாம்மா?" என்று கேட்டேன். "அது கறுப்பா ஏதோ கேக்கும் மாமா, நான் கீழ இருக்கறதை அமுக்கிடுவேன்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு வேறு யாராவது சொல்லியிருக்க வேண்டும். பாடப் புத்தகம் சொல்லியிருக்கலாம். மேல்நிலைக் கணினிப் பாடத்தில் வெகுநாள் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது ஓப்பன் ஆபீஸை வைத்தார்கள். ஆனால் கட்டற்ற மென்பொருள் உலகம் 2010இலேயே ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து லிப்ரே ஆபீஸ் என்று தனிக்குடித்தனம் வந்துவிட்டது. உபுண்டுவின் பெட்டியில் 2011 ஏப்ரலிலேயே லிப்ரே ஆபீஸ் ஏறிவிட்டது. புத்தகத்தில் ஒரு பெயர், பெட்டியில் வேறு பெயர். இரண்டும் அண்ணன் தம்பி ஜாடைதான், புரிந்துகொள்ளலாம். இருந்தாலும் புத்தகம் எழுதினவரும் பெட்டி கட்டினவரும் ஒருவரை ஒருவர் சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கேரளத்தில் சந்தித்துக்கொண்டார்கள். 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில வருஷங்களில் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. 2017இல் கைட் என்ற நிறுவனமாயிற்று. உபுண்டுவை எடுத்துத் தங்கள் பள்ளிகளுக்கென்று மாற்றிக் கட்டுகிறார்கள். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, சின்னப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரிஸ் என்று பாடத்தில் எது வருகிறதோ அது பெட்டியில் இருக்கிறது. ஆரம்ப வகுப்புகளுக்கான கணினிப் பாடப் புத்தகத்தின் பெயரே 'களிப்பெட்டி'. கிம்ப்பும் அங்கே உண்டு. டல்லாஸில் மிரட்சி என்று தள்ளினதைக் கோழிக்கோட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் திறந்து படம் திருத்துகிறது. பக்கத்தில் வாத்தியார் நிற்கிறாரல்லவா? ஒரு செயலி கடினமா சுலபமா என்பது அதற்குள் மட்டும் இருக்கிற குணமில்லை.

இதில் எங்களுக்கு ஒரு தனி ஆற்றாமை. புதுச்சேரி ஆட்சி நாலு துண்டாகக் கிடக்கிறது. மாஹே கேரளத்துக்குள் இருப்பதால் அங்கே கேரளப் பாடம், ஏனாமில் ஆந்திரப் பாடம், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் பாடம் என்று வெகுகாலம் நடந்தது. அரசுப் பள்ளிகள் 2023க்குப் பிறகுதான் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறின. அந்த நாளில் ஒரே ஆட்சியின் கீழே மாஹேப் பிள்ளைக்குக் களிப்பெட்டி கிடைத்தது, காரைக்கால் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பக்கத்து வீட்டில் என்ன சமைத்தார்களோ அது வந்தது. பார் தெஃபோ!

என் மொட்டை மாடிக் கதையில் ஒரு பாதியை இன்னும் சொல்லவில்லை. நாலைந்து வருஷம் கழித்து விவரம் தெரிந்த ஒருவர் அந்தப் பழைய கணினியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தமிழ் விசைப்பலகை ஒன்று முதல் நாளிலிருந்தே அதற்குள் இருந்ததாம். அமைப்புகள், விசைப்பலகை, தளக்கோலம், 'இந்தியா' என்று நாலு கதவு தாண்டி உள்ளே போனால், ஆங்கிலத்தில் ஒரு பெயரோடு படுத்துக்கிடந்தது. தமிழ் எழுத்துருவும் இருந்தது. அதனால்தான் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க முடிந்தது. படிக்கலாம், எழுத வழி தெரியாது என்ற நிலையில் மூன்று வாரம் இருந்திருக்கிறேன். இல்லாததற்காகக் கோபித்துக்கொண்டிருந்தவனுக்கு, இருந்தும் கைக்கு எட்டவில்லை என்று தெரிந்தபோது கோபம் அதிகமாயிற்றே தவிரக் குறையவில்லை.

எங்கள் பக்கத்து ஊர் திருமலைராயன்பட்டினம். காளமேகப் புலவர் கதையை அங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். திருமலைராயன் சபையில் அறுபத்துநாலு தண்டிகைப் புலவர்கள், ஆளுக்கு ஓர் ஆசனம். வெளியூரிலிருந்து வந்த காளமேகத்துக்கு உட்கார இடம் கொடுக்கவில்லை. சரஸ்வதியை வேண்டி அவர் தமக்கு ஓர் ஆசனத்தை வருவித்துக்கொண்டார். கடைசியில் ஊருக்கு மண்மாரி பொழியச் சாபமும் கொடுத்துவிட்டுப் போனார் என்பது கதை. காளமேகத்துக்குத் தேவி அருள் இருந்தது. கடிதம் எழுத உட்காருகிற சாமானியனுக்கு யார் ஆசனம் வருவிப்பார்கள்? அவன் சாபமும் கொடுக்கமாட்டான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதிவிட்டு எழுந்துபோவான். இன்று நமக்கு வருகிற செய்திகளில் எத்தனை அப்படி வருகின்றன என்று பாருங்கள்.

இடம் போதவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. ஒரு விசைப்பலகை வரைபடம் சில கேபிதான். சதுரங்கக் காய்களின் படத்துக்கு அதைவிட அதிகம் ஆகும். தரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் அந்த வருஷமே தமிழ்நாட்டு அரசு 'தமிழ் 99' என்ற விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். முப்பத்தொரு விசையில் 247 எழுத்தும் அடங்கிவிடுகின்றன. தட்டச்சு நிலையத்தில் கை பழகினவர்களுக்குப் பழைய தட்டச்சு முறை வேண்டும். இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிற இளைஞர்களுக்கு அந்த முறை வேண்டும். மூன்றையும் வைக்கட்டும். எது முதலில் என்று கேட்டால், புதிதாகக் கற்கிற பிள்ளைக்குத் தமிழ் 99 என்பேன். நான் தட்டுவது பழைய தட்டச்சு முறையில். ஆகவே இது என் சுயநலத்துக்கு விரோதமான சிபாரிசு என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் என் கட்சிக்காரர்களோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும், மெனு உட்பட, தமிழிலேயே திறக்கும்படி செய்துவிட வேண்டும் என்கிறார்கள். செய்து பார்த்தேன். 'கோப்பு', 'சேமி', 'திற' எல்லாம் அழகாக இருந்தன. நாலு படி உள்ளே போனதும் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். சில இடத்தில் அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டிய தமிழ். மொழிபெயர்க்கிறவர்கள் சம்பளம் இல்லாமல் ராத்திரியில் கண் விழித்துச் செய்கிற கொஞ்சம் பேர். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றிலும் புதிய வாக்கியங்கள். அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அரைகுறையானதை முதலில் வைத்தால், திறந்த பிள்ளை தமிழே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடிவிடும். விசைப்பலகை வாசலில் இருக்கட்டும், மெனு கேட்டால் வரட்டும் என்று இப்போதைக்குச் சொல்வேன். பத்து வருஷம் கழித்து வேறு மாதிரி சொல்லலாம்.

என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. கேட்டால் சீட்டாட்டத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவேன். சதுரங்கம் இருக்கட்டும். எழுத்துச் செயலியைக் காலிப் பெட்டிக்காரர்கள் தொடக்கூடாது. கிம்ப்பை வீட்டுக் கணினியில் விட்டுவிடலாம், பள்ளிக்கூடக் கணினியில் விடக்கூடாது. கணினி முதல் தடவை கண்ணைத் திறந்து ஊர், நேரம், பெயர் என்று கேட்கிறதே, அதே இடத்தில் எந்த மொழியில் எழுதுவாய் என்ற ஒரு கேள்வியும் வர வேண்டும், ஒன்றுக்கு மேல் குறித்துக்கொள்ள இடம் விட்டு.

எதிர்வீட்டுப் பையன் இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, அந்த விசைப்பலகை முதல் நாளே உள்ளே இருந்தது என்ற கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எனக்கே தெரியாது மாமா. நான் அதுல தமிழ் அடிச்சதே இல்லையே" என்றான்.